பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீட்டின் கதையைத் தேட

கானாடுகாத்தான், பள்ளத்தூர் எங்கே போனாலும் முதலில் முகப்பைப் பாருங்கள், சில வீடுகளில் கட்டிய ஆண்டே இருக்கும். நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் பர்மாவில் நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்துச் சேர்த்த பணம்தான் பல வீடுகளில் தேக்குத் தூணாக நிற்கிறது. 1930களில் நெல் விலை விழுந்து, 1942இல் ஜப்பான் படையும் நுழைந்ததும் நிறையப் பேர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள்.

அப்புறம், நகரத்தாரின் குலப்பிரிவுகளுக்கான ஒன்பது நகரக் கோயில்களில் வீட்டுக்காரர் குடும்பம் எதைச் சேர்ந்தது என்று விசாரியுங்கள், பங்காளிகளைத் தேடுவது சுலபமாகும். சாவி வைத்திருக்கும் ஐயாவிடம் அனுமதி கேட்டே உள்ளே போங்கள், உடைந்த ஆத்தங்குடித் தரைக்கல்லைக்கூட எடுக்காதீர்கள், அது இன்னொருவர் வீடு. ரங்கூன் முகவரி போட்ட கடிதம், பேரேடு ஏதாவது இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள், எனக்குத் தூணைவிட அவைதான் பெரிது. சம்மதித்தால் அங்கேயே வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.