மீனுக்கு டேக் குத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம் கரைக்குப் பயிற்சிக்கு வரும் இளைஞர்கள், மீனுக்கு டேக் குத்தும் வேலையில் (மீன் எங்கே போகிறது என்று அறிய, எண் அச்சிட்ட சிறு அடையாளத் துண்டை அதன் முதுகில் குத்திக் கடலில் விடுவது) நான் ஆரம்ப காலத்தில் செய்த அதே பிழைகளைச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடிப்பது போன்றவற்றை அவர்களே அறிவார்கள்.

டேக்கில் யாருடைய எண்?

இன்றும் என் மனம் ஆறாத தவறு இது. விளைமீன்களுக்குக் குத்திய மஞ்சள் டேக்குகளில், திட்டத்தில் ஒப்பந்தப் பணியில் இருந்த ஒருவரின் சொந்தக் கைப்பேசி எண்ணை அச்சிட்டோம். எனக்கும் அது வசதியாகவே பட்டது. திட்டம் முடிந்ததும் அவர் வேறு வேலைக்குப் போனார், எண்ணும் மாறிவிட்டது; டேக்குகளோ கடலில் மீன்களின் முதுகில் இருந்தன. பின்னொரு நாள், வேதாளையில் கூடு வைத்து மீன் பிடிக்கும் ஒருவர், தம் சாவிக்கொத்தில் கோத்திருந்த டேக்கை எடுத்துக் காட்டினார். அதில் படிந்திருந்த பாசியை நகத்தால் சுரண்டி, எண்ணைப் படித்து, மூன்று முறை அழைத்திருக்கிறார்.

"யாரும் எடுக்கல சார். அதுக்கப்புறம் கெடச்சத எல்லாம் கடல்லயே போட்டுட்டோம்" என்றார்.

எந்த மாதம், எந்தத் தீவுக்கு அருகே, எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி) ஆழத்தில் பிடித்தார், மீனின் நீளம் எவ்வளவு என்பதெல்லாம் அவருக்கு மறந்துபோயிருந்தது. அந்த விவரங்கள் இல்லாத டேக்கால் ஆய்வுக்கு ஒரு பயனும் இல்லை. ஆகவே, எண் அலுவலகத்தினுடையதாக இருக்கட்டும். திட்டம் முடிந்த பிறகும் அழைப்பை எடுக்க ஆள் இருக்கிறாரா என்பதை அச்சிடும் முன்பே உறுதி செய்யுங்கள். கிடைத்த டேக்கைத் திருப்பிக் கொடுத்தவரை நேரில் சந்தித்து, அவருடைய மீன் எங்கே விடப்பட்டது, எத்தனை நாள் கழித்து அவர் கைக்கு வந்தது என்பதைச் சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு.

மீனை விட்ட ஊரில் மட்டும் சொல்வது

தென்கடலில் (மன்னார் வளைகுடா) விட்ட மீன் பாம்பன் கால்வாய் வழியே வடகடலுக்குப் (பாக் விரிகுடா) போகக்கூடும் என்பதால், தேவிபட்டினம், தொண்டி வரை ஏலக்கூடங்களில், டேக் கிடைத்தால் தெரிவிக்க வேண்டும் என்ற செய்தி சேர வேண்டும். மீன் அறுக்கும் பெண்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். படகில் எவர் கண்ணிலும் படாத டேக் அவர்களுடைய அரிவாள்மனையில்தான் அகப்படும்.

கலவா

ஆழத்திலிருந்து இழுத்ததால் வயிறு உப்பிப்போன கலவா மீனுக்கு டேக் குத்தாதீர்கள்.

டேக் வராத நாள்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவுக்குள்ளும் மீன்பிடிக்கத் தடை உள்ளது. அந்த நாள்களிலோ அந்த இடத்திலோ டேக் கிடைக்கவில்லை என்பதற்காக, மீன் அங்கே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். எந்த ஊரிலிருந்து எத்தனை படகுகள் எத்தனை நாள் கடலுக்குப் போயின என்ற கணக்கையும் டேக் பதிவேட்டிலேயே குறித்து வாருங்கள்.