மொரீஷியஸில் வாடகைக் கார்: சாவியை யாருக்கும் காட்டாதீர்கள்

பெட்டியில் என்ன வைப்பது, எந்தக் கடற்கரையில் மணல் வெள்ளையாக இருக்கும் என்பதெல்லாம் இதில் இல்லை. அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இது அந்தத் தீவில் பிறந்து, வெளியே போய்த் தங்கிவிட்டு, எப்போதாவது ஊருக்குப் போகிற எங்களைப் போன்றவர்களுக்கு. நான் பிறந்தது ரோஸ்ஹில். இருபத்திரண்டு வருடமாக இருப்பது மதுரையில். தமிழ் படிக்க வந்தவன், கல்யாணம், குழந்தைகள் என்று இங்கேயே நின்றுவிட்டேன். "தாயகத்துக்கே வந்துட்டீங்க" என்று இங்கே எல்லோரும் சந்தோஷமாகச் சொல்வார்கள், நானும் தலையாட்டுவேன். ஆனால் தூக்கத்தில் ஊர் என்று வருவது கோர் த கார்த் மலையும் அதன் சரிவில் இருக்கும் முருகன் கோயிலும்தான், மீனாட்சியின் கோபுரம் இல்லை.

போன ஜூலையில் தனியாகப் போனேன். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், மனைவிக்கு விடுப்பு இல்லை. ஏழு நாளுக்குக் கார் எடுத்துக்கொண்டு தெற்குக் கரையையும் மேற்குக் கரையையும் சாவகாசமாகச் சுற்றுவது திட்டம். சிரிக்காதீர்கள், என் தீவை நான் சரியாகப் பார்த்ததில்லை. அப்பாவிடம் கார் இருந்ததே இல்லை, பஸ் எங்கே போனதோ அதுவரைதான் எங்கள் மொரீஷியஸ்.

காரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்ன வண்டியாக எடுங்கள். கிராமச் சாலைகளில் நடைபாதை கிடையாது, ஒரு பக்கம் கல் மதில், மறுபக்கம் திறந்த சாக்கடை, நடுவில் எதிரே பஸ் வரும். முன்பணத்தைப் பிடித்து வைக்க ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள், மனைவி கார்டை நீட்டினால் வேலைக்கு ஆகாது. கவுண்டரில் இருந்த பெண் என் மொரீஷியஸ் பாஸ்போர்ட்டையும் தமிழ்நாட்டு லைசென்ஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "விடுமுறைக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறந்த ஊருக்கு வந்து அந்தக் கேள்விக்கு ஆமாம் சொல்லும்போது வாயில் ஒரு மாதிரி இருக்கும், அதற்கும் தயாராகப் போங்கள். இந்தியாவிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ போகிறவர்களுக்கு இடதுபக்கம் ஓட்டுவது பிரச்சினை இல்லை. பிரான்ஸிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிறவர்கள்தான் ரவுண்டானாக்களில் திணறுவார்கள், வலதுபக்கம் வருகிறவனுக்கே முதல் வழி என்பதை மட்டும் மறக்காதீர்கள். வேகக் கேமராக்கள் நிறைய. அபராதம் உங்களைத் தேடி வாடகை நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து கார்டுக்கு வந்து சேரும். பெட்ரோல் விலை தீவு முழுக்க ஒன்றுதான், மலிவான பங்க் தேடி அலைய வேண்டாம்.

இனி நடந்தது.

பிளேசான்ஸ் விமான நிலையம் தீவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. மாயேபூர் பக்கம். வெளியே வந்ததும் நேரே தெற்கே திரும்பியிருக்க வேண்டும். ஒரு மரியாதைக்கு முதலில் அத்தையைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று வடக்கே நெடுஞ்சாலையில் ஏறினேன். என் எல்லாத் தப்புக்கும் இதுதான் பிள்ளையார் சுழி. நீங்கள் பார்க்க நினைத்ததை முதலில் பாருங்கள், உறவினரைக் கடைசி இரண்டு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். கல்நெஞ்சம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

அத்தை என்கிறேன், நாங்கள் கூப்பிடுவது தாந்தீன். பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் ஊர் கிரியோல் மொழியில் அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோருக்கும் அந்த ஒரு சொல்தான். அப்பாவின் தங்கை, எழுபத்துமூன்று வயது. கேட்டைத் திறந்தவள் என்னைக் கட்டிக்கொண்டாள், அழுதாள், அப்புறம் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"லோட்டோ உன்னுடையதா?" லோட்டோ என்றால் கார்.

"வாடகை, தாந்தீன்."

"எத்தனை நாள்?"

ஏழு என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

அன்று மாலையே கேஸ் சிலிண்டர் மாற்றப் போனேன். மறுநாள் காலை பக்கத்து வீட்டம்மாவை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டேன், அவர் எனக்கு எந்த விதத்திலும் உறவில்லை. அங்கே அறுபது தாண்டியவர்களுக்குப் பஸ் இலவசம். அதை நினைவூட்டியபோது, "உன் லோட்டோ சும்மாதானே நிற்கிறது, மோ கார்சோன்" என்றாள் தாந்தீன். மோ கார்சோன் என்றால் என் பையன். அந்தச் சொல்லுக்கு என்னிடம் பதில் கிடையாது, அவளுக்கும் அது தெரியும்.

மூன்றாம் நாள்தான் விஷயத்துக்கு வந்தாள். தலைநகர் போர்ட் லூயிஸில் நொத்தேரை, அதாவது நோட்டரியைப் பார்க்க வேண்டுமாம்.

நம்மூரில் கோர்ட் வாசலில் குடைக்கு அடியில் உட்கார்ந்து முத்திரை குத்துகிறவர் இல்லை இந்த நொத்தேர். ஆங்கிலேயர் 1810-இல் தீவைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரர் சட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றுவரை சொத்துப் பிரிப்பது நெப்போலியன் காலத்துச் சட்ட வழியில்தான். பிள்ளைகள் எல்லோருக்கும் சமபங்கு, நிலத்தை விற்கவோ மாற்றவோ நொத்தேர் முன்னால் எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும். தாத்தாவின் நிலம் 12 பெர்ஷ். ஒரு பெர்ஷ் ஏறத்தாழ 42 சதுர மீட்டர், நம் சென்ட்டைவிட ஒரு கை அகலம் கூட, அவ்வளவுதான். நான்கு பிள்ளைகள், அதில் அப்பா ஒருவர். அம்மா முன்பே போய்விட்டாள், நான் ஒரே பிள்ளை, ஆகவே மூன்று பெர்ஷ் என் தலையில் இருக்கிறது. அந்த நிலத்தில் குடியிருப்பவள் தாந்தீன். மற்ற இரண்டு பேரும் அவளுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. எனக்கு மூன்று கடிதம் வந்தது. மூன்றையும் படித்தேன், மூன்றுக்கும் பதில் போடவில்லை. நிலத்தின் மேல் ஆசை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டால் அங்கே எனக்கென்று ஒன்றும் மிச்சமில்லை, அவ்வளவுதான்.

ரோஸ்ஹில்லிலிருந்து போர்ட் லூயிஸ் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். காலையில் ஊரே அந்தப் பக்கம்தான் போகும், ஒரு மணி நேரம் பிடித்தது. மெட்ரோ எங்களை முந்திக்கொண்டு வழுக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். தலைநகருக்குக் காரில் போகாதீர்கள், மெட்ரோவில் போங்கள். இந்த முழு எழுத்திலும் உருப்படியான அறிவுரை இது ஒன்றாகத்தான் இருக்கும். தெருவில் நிறுத்தக் கூப்பன் வேண்டும், அதைப் பெட்ரோல் பங்கில் வாங்க வேண்டும், பங்க் தெருவிலா இருக்கிறது? கடைசியில் கடலோரம் கோதானில் காசு கொடுத்து நிறுத்திவிட்டுத் தாந்தீனைக் கைத்தாங்கலாக வெயிலில் நடத்திக் கூட்டிப் போனேன். முதல் தடவை போனபோது எங்கள் ஃபைலை வைத்திருக்கும் குமாஸ்தா விடுப்பு. நாளை மறுநாள் வாருங்கள் என்றார்கள்.

இரண்டாம் தடவை குமாஸ்தா இருந்தார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல முடியாது. தாத்தா பெயர் சின்னத்தம்பி. நிலப் பத்திரத்தில் அது "சினாதம்பூ". அப்பாவின் பிறப்புப் பதிவில், அந்தக் காலத்தில் காதில் விழுந்தபடி எழுதிய எவரோ "சினடம்பி" ஆக்கியிருக்கிறார். அப்பாவின் இறப்புச் சான்றிதழில் "சின்னாதம்பி". மூன்றும் ஒரே குடும்பமா என்று கேட்டார் குமாஸ்தா. தாந்தீன் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது, கோயிலில் பாடுகிற தேவாரத்தைக்கூடப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுவாள். அந்த அறையில் அந்தப் பெயருக்குப் பொருள் தெரிந்தவன் நான் ஒருவன்தான். உற்சாகமாக விளக்கினேன். சின்ன என்றால் இளைய, தம்பி என்றால் இளைய சகோதரன், எந்த எழுத்தில் எழுதினாலும் பெயர் ஒன்றே என்று ஒரு காகிதத்தில் தமிழில் எழுதியும் காட்டினேன். அவர் அதைப் பொறுமையாகப் பார்த்தார். "அழகாக இருக்கிறது. ஆனால் எனக்குப் பொருள் வேண்டாம், எழுத்துதான் வேண்டும்" என்றார்.

கட்டணம் கொடுக்க ரூபாய்த் தாள்களை எடுத்தேன். அந்தத் தாளில் தமிழ் இருக்கிறது. 1998-இல் வந்த புதுத் தாள்களில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று எங்கள் ஆட்கள் கொதித்துப்போய், கடைசியில் அந்தத் தாள்களையே திரும்பப் பெற வைத்தார்கள். பணத்தில் தமிழ் எங்கே இருக்க வேண்டும் என்று அவ்வளவு சண்டை போட்ட சமூகத்தில், கவுண்டரில் தமிழில் எழுதிய ஒரு பெயருக்கு மதிப்பில்லை. எரிச்சலில் அதைத் தாந்தீனிடம் சொன்னேன். "உன் அப்பாவும் அந்தக் கூட்டத்துக்குப் போனான்" என்றாள். எனக்குத் தெரியாது.

அப்பா இறந்தது 2020-இல். மார்ச்சில் எல்லையை மூடிவிட்டார்கள், முழுதாகத் திறந்தது 2021 அக்டோபரில்தான், எப்படி வர முடியும் என்று எல்லோரும் எனக்காகச் சொல்வார்கள். நானும் அதையே சொல்லி வருகிறேன். அதற்கு முந்தைய நான்கு வருடம் எல்லை திறந்துதான் இருந்தது.

மூன்றாம் தடவை பிரமாணப் பத்திரத்தோடு போனோம். அது போதாதாம், பதிவேட்டிலேயே திருத்தம் வேண்டுமாம், மாதங்கள் ஆகுமாம். சொத்துக் கையெழுத்து என்ற பேச்சு குடும்பத்தில் இருந்தால், விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே தாத்தா வரைக்கும் எல்லாச் சான்றிதழின் நகலையும் வரவழைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். கடிதங்களுக்குப் பதில் போட்டிருந்தால் எனக்கே இது இரண்டு வருடம் முன்னால் தெரிந்திருக்கும்.

சரி, தீவு. மிச்சம் ஒன்றரை நாள். விடியற்காலை யாரும் எழுவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். க்யூர்பீப்பில் வழக்கம்போல மழையும் மூடுபனியும், விளக்குப் போட்டுத்தான் போக வேண்டும். சுய்யாக்கில் கிரி கிரி முனையில் பவளத்திட்டு கரையை மறிப்பதில்லை, அலை நேரே பாறையில் வந்து மோதும், குளிக்க இறங்காதீர்கள். அங்கிருந்து பே துய் காப் வழியாக லெ மோர்ன் வரை சாலை கடலை ஒட்டியே ஓடுகிறது, மக்கோந்தே வளைவில் வேகத்தைக் குறையுங்கள், எல்லோரும் அங்கே படம் எடுக்க இறங்கி நிற்பார்கள். காஸ் நுவாயாலிலிருந்து ஷமரேல் ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகள், இரண்டாம் கியரை விடாதீர்கள். ஜூலையில் கரும்பு வெட்டு நடக்கும். வெட்டாத தோட்டங்களில் கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நிற்கும், குறுக்குச் சாலையில் வருகிறவன் கண்ணுக்குத் தெரியமாட்டான், வெட்டியதை ஏற்றிய லாரியோ நின்று பார்க்காது. மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அப்புறம் நாய்கள் சாலை நடுவில் படுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் பார்த்தேன். தனியாக வந்திருக்கிறேன் என்ற சந்தோஷம் ஷமரேல் ஏறும்வரை இருந்தது. ஏழுநிற மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இந்நேரம் தாந்தீன் மருந்துக் கடைக்கு எப்படிப் போயிருப்பாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும் காலை வழியனுப்ப வந்தவள் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காய்கறி அச்சார் ஒரு பெரிய போத்தல், அவள் கையால் போட்டது, மஞ்சளும் கடுகும் பச்சை மிளகாயும் எண்ணெயில் மிதந்தன. பிளாஸ்டிக் பை அங்கே 2016-லிருந்து தடை, ஆகவே செய்தித்தாளில் சுற்றி டிக்கியில் வைத்தாள். வைக்கும்போது படுக்க வைத்துவிட்டாள் போல.

பிளேசான்ஸில் காரைத் திருப்பிக் கொடுத்தபோது பையன் கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, பெட்ரோலைப் பார்த்துவிட்டு டிக்கியைத் திறந்தான். தரை விரிப்பு மஞ்சளாகியிருந்தது. குனிந்து மோந்து பார்த்தான்.

"பாட்டி போட்டதா?"

"அத்தை."

"எங்கள் வீட்டிலும் இதே வாசனைதான்" என்றான். சொல்லிக்கொண்டே சுத்தம் செய்யும் கட்டணத்தை எழுதினான். எண்ணெய்க்கறை விரிப்பிலிருந்து போகாதாம். போத்தலில் பாதி மிச்சமிருந்தது, மூடியை இறுக்கித் துண்டில் சுற்றிப் பெட்டியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டேன்.