கல்லூரியை நேரில் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எப்படி? நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு

பாளையங்கோட்டையில் நடந்து போகிற தூரத்துக்குள் கல்லூரிக்கு மேல் கல்லூரி. தூய யோவான் கல்லூரி 1878-இல் தொடங்கியது, தூய சவேரியார் கல்லூரி 1923-இல். பேட்டைப் பக்கம் ம.தி.தா. இந்துக் கல்லூரியும் ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரியும் இருக்கின்றன. "பாளையில ஒரு சீட் கிடைச்சாப் போதும்" என்றுதான் பல வீடுகளில் பேச்சு. ஆனால் உங்கள் பிள்ளை மூன்று வருஷம் இருக்கப்போவது ஒரு துறையில், ஒரு வகுப்பறையில். கல்லூரிப் பெயரை வைத்து அதை எடைபோட முடியாது. போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

1. எப்போது போவது

இதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு போனால் வகுப்பு நடக்காது. அட்மிஷன் ஆபீஸ் மட்டும் திறந்திருக்கும். வழவழப்பான ஒரு புத்தகத்தைக் கையில் கொடுப்பார்கள். பிளஸ் டூ பரீட்சை மார்ச்சில் முடிந்ததும், ஏப்ரல் முதல் வாரத்துக்குள் போய்விடுங்கள். கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வு தொடங்கும் முன் வகுப்பும் லேபும் நடக்கிற நாட்கள் அவை. ஆண்டு விழா, விளையாட்டு விழா நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். சாதாரண நாள்தான் நமக்கு வேண்டும்.

2. கிளம்பும் முன்

கல்லூரியின் இணையதளத்தில் என்.ஐ.ஆர்.எஃப். (மத்திய அரசின் கல்லூரித் தரவரிசை) என்ற பக்கம் இருக்கிறதா என்று தேடுங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்கும் மேல்படிப்புக்கும் போனார்கள் என்று அதில் இருக்கும். வேலை கிடைத்தவர்களின் நடுச் சம்பளமும் உண்டு: பாதிப் பேர் அதற்கு மேல் வாங்குகிறார்கள், பாதிப் பேர் அதற்குக் கீழே. விளம்பரப் பலகையில் பார்க்கிற பெரிய தொகையைவிட இந்த எண்தான் உண்மைக்குப் பக்கம். பொறியியல் என்றால் அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விழுக்காட்டையும் பாருங்கள்.

இன்னொன்றை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே வளாகத்தில் அரசு உதவிபெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். முதல் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, அதனால் கட்டணம் குறைவு. இரண்டாவதில் பிள்ளைகள் கட்டும் பணத்தில்தான் எல்லாம் நடக்க வேண்டும். ஆசிரியர்கள் வேறு, சில இடங்களில் வகுப்பு நேரமும் வேறு. நமக்குக் கிடைக்கப்போவது எந்தப் பிரிவு என்று தெரியாமல் கல்லூரியைச் சுற்றிப் பார்த்துப் பயனில்லை.

3. பிள்ளை போகப்போகிற பஸ்ஸில் போங்கள்

கார் வேண்டாம். களக்காட்டிலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ தினம் எந்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமோ, அதே பஸ்ஸில், அதே நேரத்தில் போங்கள். வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு டவுன் பஸ் ஏற வேண்டியிருந்தால் அதிலும் ஏறிப் பாருங்கள். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிக்காரர்களுக்கு செங்கோட்டை ரயில் தடம் உண்டு. ரயில் நேரம் முதல் பீரியடுக்குப் பொருந்துகிறதா என்று கணக்குப் பாருங்கள். மாலையில் கல்லூரி விடுகிற நேரம்வரை இருந்து, அந்தக் கூட்டத்தோடு திரும்புவது மிக முக்கியம். தினம் நான்கு மணி நேரம் பஸ்ஸில் நின்றுவிட்டு வருகிற பிள்ளை ராத்திரி எதைப் படிக்கும்?

4. கேட்டில்

முந்தின நாளே ஆபீஸுக்கு போன் செய்து, "பிள்ளையைச் சேர்க்கணும், டிப்பார்ட்மென்ட்டைப் பார்க்கலாமா" என்று கேட்டுவிடுங்கள். வாட்ச்மேன் அண்ணாச்சியிடம் அதையே சொல்லுங்கள்.

5. துறையும் லேபும்

முதல்வர் அறையில் உட்கார்ந்து நேரத்தைப் போக்காதீர்கள். நேரே துறைக்குப் போங்கள். துறைத் தலைவரிடம் பிள்ளையே பேசட்டும், பெற்றோர் பக்கத்தில் இருந்தால் போதும். நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர் என்று மரியாதையாகக் கேட்கலாம், தப்பில்லை. கௌரவ விரிவுரையாளர்களில் அருமையாகப் பாடம் நடத்துகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் நடுவில் ஆள் மாறினால் பாடம் நின்றுபோகும், அதற்காகத்தான் கேட்பது.

லேபில் கருவி எத்தனை என்று எண்ணுவதைவிட, அது புழக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மைக்ரோஸ்கோப் மேல் தூசி படிந்திருக்கிறதா? ஒரு சோதனையை எத்தனை பேர் சேர்ந்து செய்கிறார்கள்? நான்கு பேர் நிற்க ஒருவர் செய்தால், மற்ற மூவரும் ரெக்கார்டில் பார்த்து எழுதத்தான் கற்பார்கள்.

6. லைப்ரரி

உங்கள் பாடத்து அலமாரியிலிருந்து நாலைந்து புத்தகத்தை எடுத்து, திருப்பித் தரும் தேதி குத்திய சீட்டைப் பாருங்கள். கடைசித் தேதி பல வருஷம் முந்தியது என்றால் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. கணினியில் பதிகிற லைப்ரரி என்றால் வருகைப் பதிவைக் கேளுங்கள். பத்து நிமிஷ வேலைதான். ஆனால் அந்தக் கல்லூரியில் படிப்பு நடக்கிறதா என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது வேறொன்றும் இல்லை என்பது என் கருத்து.

7. பிள்ளைகளிடம் பேச்சு

முதல் வருஷத்துப் பிள்ளைகளை விட்டுவிட்டு மூன்றாம் வருஷத்துப் பிள்ளைகளிடம் கேளுங்கள். கேன்டீனில் பெற்றோர் கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டும். "காலேஜ் நல்லாருக்கா?" என்று கேட்டால் "நல்லாருக்கு" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: "அக்கா, இந்த செமஸ்டர்ல ஆள் இல்லாம எந்த பேப்பராவது கிடக்கா?" "அரியர் விழுந்தா யாராவது உட்கார்ந்து சொல்லித் தருவாங்களா?" தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளையைத் தேடி, முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தை எப்படிச் சமாளித்தது என்று கேட்டால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி.

8. கழிப்பறை, ஹாஸ்டல்

மதியத்துக்கு மேல் பாருங்கள், காலையில் எல்லா இடமும் சுத்தமாகத்தான் இருக்கும். தண்ணீர் வருகிறதா, கதவு பூட்டுகிறதா என்று அம்மாவோ அக்காவோ உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். இதற்குப் பயந்து நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்பிள்ளைகள் நிறையப் பேர். ஹாஸ்டல் வேண்டுமென்றால் மெஸ் பில் மாதம் எவ்வளவு வந்தது என்று அங்கே இருக்கிற பிள்ளைகளிடமே கேளுங்கள்.

9. கடைசியாக ஆபீஸ்

முதல் வருஷக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். தேர்வுக் கட்டணம், பஸ், டெபாசிட் எல்லாம் சேர்த்து மூன்று வருஷக் கணக்கை எழுதி வாங்குங்கள். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால், மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்றும் கேளுங்கள். "இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுனா சீட் உறுதி" என்றால் கட்டாதீர்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-லேயே அறிவித்திருக்கிறது, சரிபார்த்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

10. வீடு வந்ததும்

அன்று ராத்திரியே பிள்ளை தன் கையால் எழுதட்டும்: எது பிடித்தது, எது உறுத்தியது. அதுவரை பெரியவர்கள் தங்கள் முடிவைச் சொல்லாமல் இருங்கள். இதே மாதிரி இன்னொரு கல்லூரியையாவது பார்த்துவிட்டு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். உதவிபெறும் கல்லூரிகளுக்குத் தனித்தனியாகப் போட வேண்டும். கடைசித் தேதிகளை அந்தத் தாளிலேயே குறித்து வையுங்கள்.