பத்து வந்தது, ஏழு வரவில்லை: விளையாடும் பிள்ளைகளின் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு நீச்சல் போட்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தாய், "இந்த வருடம் இவளுக்குப் பயிற்சி அதிகம். அதனால் கெமிஸ்ட்ரியை விட்டுவிட்டு இலேசான பாடமாக எடுக்கச் சொல்லிவிட்டோம்" என்றார். பெண் பத்தாம் வகுப்பு. அமெரிக்கக் கல்லூரி அணி ஒன்றில் நீந்த வேண்டும் என்று ஆசை. எனக்குப் பகீர் என்றது. ஆறு வருடங்களுக்கு முன்பு இதே மாதிரி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நானும் இதையேதான் சொன்னேன்.

நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள், ஃபோனை ஒதுக்கி வையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

பாடத்தை இலேசாக்குவது

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு என்சிஏஏ. அதன் முதல் பிரிவில் ஆட வேண்டுமானால், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை 16 கோர் பாடங்களை, அதாவது தகுதிக்கு என்சிஏஏ ஏற்கும் முதன்மைப் பாடங்களை, முடித்திருக்க வேண்டும்: ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் கூடுதலாக 1, சமூக அறிவியல் 2, மற்றவை 4. அவற்றில் சராசரி, நான்குக்கு 2.3க்குக் குறையக்கூடாது. இதுவரை பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியும்.

தெரியாதது இதற்கு அடுத்த வரி. அந்த 16இல் 10 பாடங்கள் ஏழாவது பருவம் தொடங்குவதற்கு முன்பே, அதாவது பன்னிரண்டாம் வகுப்புக்குள் நுழையும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் 7 பாடங்கள் ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். அந்தப் பத்தும் அதோடு பூட்டப்பட்டுவிடும். பிறகு அதே பாடத்தைத் திரும்பப் படித்து மதிப்பெண்ணை உயர்த்தினாலும் கணக்கில் வராது.

என் மகள் பத்தாம் வகுப்பில் கெமிஸ்ட்ரியில் தவறினாள். விடியற்காலை ஐந்து மணிக்குக் குளம், மாலையில் மறுபடியும் குளம்; பரிசோதனைக் குறிப்பேடு பாதிப் பக்கம் வெள்ளையாகவே இருந்தது. கோடையில் கணினி வழியே தானே படித்து முடிக்கும் ஒரு மீட்புப் பாடத்தைப் பள்ளி கொடுத்தது. மூன்று வாரத்தில் முடித்துவிட்டாள். பதினொன்றில் அல்ஜீப்ரா இரண்டுக்குப் பதிலாக எளிய கணக்குப் பாடம். அறிவியல் பாடமே இல்லை. அந்த நேரத்தில் தூங்கட்டும் என்று நான்தான் சொன்னேன். பள்ளிக் கவுன்சலரிடம், "இது போதுமா?" என்று கேட்டேன். "போதும்" என்றார். பள்ளிப் படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்க அது போதும்தான். அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விதான் தவறு.

ஆகஸ்ட் மாதம் ஒரு கல்லூரிக் கோச் மதிப்பெண் பட்டியலை அனுப்பச் சொன்னார். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, ஒவ்வொரு வரியாக என்னையே படிக்கச் சொன்னார். ஆங்கிலம் மூன்று. ஒன்பதில் அல்ஜீப்ரா, பத்தில் ஜியோமெட்ரி, ஆகக் கணிதம் இரண்டு. பயாலஜி ஒன்று. மீட்புப் பாடமும் எளிய கணக்கும் அந்தப் பள்ளிக்கு என்சிஏஏ ஏற்றுக்கொண்ட பாடங்களின் பட்டியலில் இல்லை. வரலாறு, ஸ்பானிஷ் எல்லாம் சேர்த்துப் பத்து வந்தது. ஏழு வரவில்லை. ஆறுதான். பள்ளி திறக்க ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் எந்தப் பாடத்தையும் யாரும் முடிக்க முடியாது.

இப்படி அந்த ஏழு நிறையாவிட்டாலும் மற்ற நிபந்தனைகள் சரியாக இருந்தால் உதவித்தொகை பெறலாம், முதல் பருவத்தில் அணியோடு பயிற்சியும் செய்யலாம். முதல் வருடம் போட்டியில் இறங்க மட்டும் முடியாது. இறங்க முடியாத வீராங்கனைக்கு இடம் ஒதுக்க அந்தக் கோச்சுக்கு மனம் வரவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதினோரு வருடம் நீந்திய பெண், ஒரே ஒரு அறிவியல் பாடத்தால் கதவுக்கு வெளியே நின்றாள். இதை எழுதும்போதும் எனக்கு ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

அவள் பிறகு என்சிஏஏவின் மூன்றாம் பிரிவுக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து நன்றாகவே நீந்தினாள். அது வேறு கதை.

செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. என்சிஏஏ தகுதி மையத்தின் தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஏற்கப்பட்ட பாடங்களின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் பாடம் தேர்ந்தெடுக்கும் முன்பு, பாடத்தின் பெயரை எழுத்துக்கு எழுத்து அதோடு ஒப்பிடுங்கள். கவுன்சலரிடம் "போதுமா?" என்று கேட்காதீர்கள், "இது என்சிஏஏ கோர் பாடமா?" என்று கேளுங்கள். பயிற்சி மிகுந்த பருவத்தில் எதையாவது குறைத்தே ஆக வேண்டுமென்றால், பட்டியலில் இல்லாத விருப்பப் பாடத்தைக் குறையுங்கள். கெமிஸ்ட்ரியில் தடுமாறினால் அந்த மாதமே ஒரு ஆசிரியரைப் பிடியுங்கள். இரண்டு காலைப் பயிற்சி போனாலும் பரவாயில்லை. அடுத்த வாரம் அதை ஈடுகட்டலாம். பூட்டப்பட்ட பாடத்தை ஈடுகட்ட வழியில்லை.

பெஞ்சில் பேசிய அந்தத் தாயிடம் இவ்வளவையும் சொன்னேன். மகளின் பந்தயம் முடிவதற்குள் ஃபோனிலேயே பட்டியலைத் திறந்து பார்த்தார். அந்த "இலேசான பாடம்" அதில் இல்லை.

கல்லூரிக் கோச்சுக்குப் பெற்றோர் கடிதம் எழுதுவது

வேண்டாம். பிள்ளையே எழுதட்டும்.

பதில் வரவில்லை என்று பதறுவது

நீச்சலில் முதல் பிரிவுக் கோச்சுகள் பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15க்கு முன்பு மாணவர்களோடு அணியில் சேர்ப்பது பற்றிப் பேசவே விதி இடம் தருவதில்லை. அதற்கு முன்பு நிலவும் மௌனத்தைப் பார்த்து, பிள்ளைக்குத் திறமை போதாது என்று முடிவுகட்டி, இன்னொரு பயிற்சி வேளையைச் சேர்த்துவிடுகிறார்கள். பாவம், அந்தப் பிள்ளைகள்.

முழு உதவித்தொகையை நம்பிக் கணக்குப் போடுவது

ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதில்லை. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளும் தருவதில்லை. தருகிற இடங்களிலும் நீச்சல், ஓட்டம் போன்றவற்றில் ஒரு பகுதி மட்டும் கிடைப்பது சகஜம். மீதியை நிரப்புவது பெரும்பாலும் படிப்புக்காகவும் குடும்ப வருமானத்தைப் பார்த்தும் கிடைக்கும் உதவி. நல்ல மதிப்பெண்ணுக்கு இங்கேயும் விலை இருக்கிறது.

வாய்ச்சொல்

"உனக்கு இடம் உண்டு" என்று கோச் சொல்வது யாரையும் கட்டுப்படுத்தாது. கோச்சே வேறு கல்லூரிக்கு மாறிவிடலாம். எழுத்தில் வரும் வரை மற்ற விண்ணப்பங்களை நிறுத்தாதீர்கள்.

தூக்கத்தில் கைவைப்பது

13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2016இல் சொன்னது. காலைப் பயிற்சி ஐந்து மணிக்கு என்றால் இரவு எட்டரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். அது முடியாத வீட்டில் காலைப் பயிற்சியைக் குறையுங்கள்.