சாய்தளம் கட்டியாயிற்று, ஏறத்தான் முடியவில்லை

சக்கர நாற்காலி ஏறி இறங்க நடைபாதைக்குச் சாய்தளம் வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் பெரிய மறுப்பில்லை. கட்டவும் செய்கிறார்கள். கோளாறு அளவில்தான். நடைபாதை 15 செ.மீ. உயரம் என்றால், பரவலாக ஏற்கப்பட்ட 1:12 சாய்வில் (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) சாய்தளம் 1.8 மீட்டர் நீளம் வர வேண்டும். இடமில்லை என்று 60 செ.மீ.யில் முடித்துவிட்டால் அது 1:4 ஆகிவிடுகிறது. அந்தச் சரிவில் தன் கையாலேயே சக்கரத்தை உருட்டி ஏறுவது பலருக்கு முடியாத காரியம். நாற்காலி மல்லாந்துவிடவும் கூடும். இடம் போதாதபோது நடைபாதையையே அந்த இடத்தில் தாழ்த்தலாம். அல்லது பாதசாரிகள் கடக்கும் இடத்தில் சாலையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தலாம். எனக்குப் பின்னதுதான் பிடிக்கும். வாகனங்களும் வேகத்தைக் குறைத்தாக வேண்டுமே.

சரிவு சரியாக அமைந்தும் அடியில் கோட்டைவிடுவதுண்டு. சாய்தளம் சாலையைத் தொடும் இடத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு விளிம்பு நிற்கும். சக்கர நாற்காலியின் பின்சக்கரம் பெரியது; முன்சக்கரமோ சில நாற்காலிகளில் உள்ளங்கை அளவுதான். இறங்கும் வேகத்தில் அது விளிம்பில் முட்டி நின்றால், அமர்ந்திருப்பவர் முன்னால் சரிந்து சாலையில் விழுவார். சாலைக்கு மறுபடி தார் போட்டு மட்டம் உயரும்போது அதே இடம் பள்ளமாகி மழைநீர் தேங்கும். கட்டிய அன்று அளந்ததோடு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சரி, விளிம்பே இல்லாமல் வழுவழுப்பாக்கிவிட்டால்? அங்கே இன்னொருவர் மாட்டிக்கொள்கிறார். நடைபாதை முடிந்து சாலை தொடங்குகிறது என்பதைப் பார்வையற்றவருக்குச் சொல்வதே அந்த விளிம்புதான். அதை எடுத்தால், அதே இடத்தில் புள்ளிகள் புடைத்த தளக்கற்களைப் பதித்தாக வேண்டும்.

இந்தக் கற்களை 1965இல் வடிவமைத்தவர் ஜப்பானைச் சேர்ந்த செய்இச்சி மியாகே. 1967இல் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளியின் அருகே முதன்முதலாகப் பதித்தார்கள். நீளக் கோடுகள் இருந்தால் ‘இந்த வழியே போகலாம்’. புள்ளிகள் இருந்தால் ‘நின்று கவனி’. அவ்வளவுதான் இதன் இலக்கணம். அதைத்தான் அலங்காரம் என்று நினைத்துக் கொலை செய்கிறார்கள். கோடு நேராகப் போய் மின்கம்பத்தில் முடிகிறது. கேபிள் புதைக்கத் தோண்டியவர்கள் கற்களைக் குறுக்காகத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறார்கள். கண்ணுக்கு உறுத்துகிறது என்று மஞ்சளுக்குப் பதிலாகத் தரையின் சாம்பல் நிறத்திலேயே பதிப்பவர்களும் உண்டு. பார்வைக் குறைபாடுள்ள பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது பார்வை இருக்கிறது. அவர்கள் நம்பியிருப்பதே அந்த நிற வேறுபாட்டைத்தான்.

பார்வையற்றவர் கையில் இருக்கும் வெண்கோல் தரையைத்தான் தடவும். தலைக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும் பெயர்ப்பலகையையும் மரக்கிளையையும் அது கண்டுபிடிக்காது, நெற்றிதான் கண்டுபிடிக்கும். நடக்கும் பாதைக்கு மேலே 2.1 மீட்டராவது காலியாக இருக்கட்டும்.

மோட்டார் சைக்கிள் ஏறாமலிருக்க நடைபாதையின் வாயில் நெருக்கமாகத் தூண்களை நடுவது அடுத்த தவறு. சக்கர நாற்காலி தாராளமாக நுழைய 90 செ.மீ. இடைவெளி தேவை. அதில் மோட்டார் சைக்கிளும் நுழையும் என்பது உண்மைதான். அதற்கு அபராதம் போட வேண்டுமே தவிர, வழியை அடைக்கக் கூடாது.

சிக்னலில் பச்சை விளக்கின் நேரத்தைப் பெரும்பாலும் சிரமமில்லாமல் நடப்பவரை வைத்தே கணக்கிடுகிறார்கள். 12 மீட்டர் சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 10 நொடியில் கடப்பார், ஊன்றுகோலுடன் 0.8 மீட்டர் நடப்பவருக்கு 15 நொடி வேண்டும். ஒலி எழுப்பும் சிக்னலும் வேண்டும், ஆனால் சாலையைக் கடக்க அழுத்தும் பொத்தானைச் சாய்தளத்தின் சரிவில் வைக்காதீர்கள். ஒரு கையால் அழுத்தும்போது நாற்காலி உருளும்.

அதிகாரிகள் ஒரு மணி நேரம் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்துபார்ப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. அது பயத்தைக் கற்றுத்தருமே ஒழிய, பல வருடப் பழக்கத்தில் ஒருவர் தெருவை எப்படிப் படிக்கிறார் என்பதைக் காட்டாது. கான்கிரீட் ஊற்றும் முன் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு, வெண்கோலுடன் நடப்பவர் ஒருவரையும் சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவரையும் அழைத்துக் காட்டுங்கள். சுண்ணாம்பை அழித்துத் தள்ளிப் போட ஐந்து நிமிடம் போதும்.