கார்ல சின்ன ரிப்பேர்: நாமளே கை வைக்கலாமா, மெக்கானிக் கிட்ட விட்றலாமா?

போன மார்கழில ஒரு நாள் காலைல அஞ்சு மணிக்கு ஸ்ரீரங்கம் கிளம்பணும், அம்மா அப்பால்லாம் வண்டில ஏறி உக்காந்தாச்சு, சாவியத் திருப்புனா டக் டக்னு சத்தம் மட்டும் வருது, செல்ஃப் எடுக்கல. தெரிஞ்ச மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டா "பேட்டரி போயிருச்சு சார், புதுசு மாத்திருங்க"ன்னுட்டாரு. பேட்டரி வாங்கி ஒரு வருஷம் கூட ஆகல. பானெட்டத் தூக்கிப் பாத்தா பேட்டரியோட பாசிட்டிவ் டெர்மினல் (வயர் மாட்டுற முனை) மேல பச்சையும் வெள்ளையுமா பூத்துக் கெடக்கு. அதச் சுத்தம் பண்ணி மாட்டுனேன், ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆயிருச்சு. அதே வண்டில ரெண்டு மாசம் கழிச்சு பிரேக் புடிச்சா கீச்சுனு சத்தம் வந்துச்சு, அதுல நான் கை வைக்கவே இல்ல, நேரா ஷெட்டுக்குத்தான் போனேன். ரெண்டுமே சின்ன வேலதான். எத நாம எடுக்கணும் எத விடணும்னு நான் எப்படி முடிவு பண்றேன்னு கீழ சொல்றேன், புதுசா கார் வாங்குனவங்களுக்காகவே எழுதுறேன்.

ஸ்டெப் 1: பிரச்சனை என்னன்னு மொதல்ல எழுதுங்க

எந்த பார்ட் போச்சுன்னு யோசிக்காதீங்க, என்ன நடக்குதுன்னு மட்டும் எழுதுங்க. எப்ப சத்தம் வருது, வண்டி சூடானப்புறமா, மழைல மட்டுமா, லைட்டு டல்லா எரியுதா. பார்ட் பேர்ல ஆரம்பிச்சா தேவையில்லாத பார்ட்ட வாங்கிட்டு வந்து நிப்போம்.

ஸ்டெப் 2: தப்பா மாட்டுனா என்ன ஆகும்?

எனக்கு இதுதான் மொத்த விஷயமும். தப்பாப் போனா வண்டி கிளம்பாதுன்னா நாமளே பண்ணிப் பாக்கலாம். தப்பாப் போனா வண்டி நிக்காதுன்னா தொடவே கூடாது. வைப்பர் பிளேடு, ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், ஃபியூஸ், டெர்மினல் சுத்தம் பண்றது எல்லாம் மொதல் வகை. பிரேக், ஸ்டியரிங், பெட்ரோல் லைன், ஏசி கேஸ் எல்லாம் ரெண்டாவது வகைல வச்சுக்கங்க. ஏசி கேஸ் பிரஷர்ல இருக்கு, சட்டுனு கழட்டுனா கைய உறைய வச்சிரும். ஸ்டியரிங் கீழ மஞ்சக் கலர் கனெக்டர் தெரிஞ்சா அது பெரும்பாலும் ஏர்பேக் வயர், அதப் புடுங்கிப் பாக்காதீங்க.

இன்னொன்னு, வண்டியோட வர்ற ஜாக்கி ஸ்டெப்னி மாத்த மட்டும்தான். அத மட்டும் நம்பி வண்டிக்கு அடியில படுக்கவே படுக்காதீங்க, ஜாக்கி சறுக்குனா ஆள் தப்பிக்க நேரமே கெடைக்காது, கெஞ்சிக் கேக்குறேன்.

ஸ்டெப் 3: பாதில நின்னா சமாளிக்க முடியுமா?

நாளைக்குக் காலைல ஊருக்குப் போகணும்னா இன்னைக்கு ராத்திரி எதையும் கழட்டாதீங்க. ஸ்பேர்ஸ் கடை தொறந்திருக்குற நாளாப் பாத்து காலைலயே ஆரம்பிங்க, ஒரு கிளிப் ஒடஞ்சா கூட ஓடிப் போய் வாங்கிட்டு வரலாம்.

ஸ்டெப் 4: கணக்குப் போடுங்க

பார்ட் விலையக் கேளுங்க, லேபர் எவ்ளோன்னு கேளுங்க, உங்ககிட்ட இல்லாத டூல்ஸ் விலையையும் சேருங்க. ஒரே ஒரு தடவ தேவைப்படுற டூலுக்கு லேபர விட அதிகமா செலவாகும்னா ஷெட்டே நல்லது. ஹெட்லைட் பல்ப எடுத்துக்கங்க, சில வண்டில பானெட்டத் தூக்குனா பின்னாடியே கை போகும், அஞ்சு நிமிஷ வேல, சில வண்டில பம்பரையே கழட்டணும், அத விட்ருங்க. நீங்களே மாத்துனா ஹாலோஜன் பல்போட கண்ணாடியில வெரல் படக் கூடாது, கை எண்ணெய் ஒட்டுன எடம் மட்டும் அதிகமா சூடாகி பல்பு சீக்கிரமே போயிரும். வாரண்டில இருக்குற வண்டின்னா வயர வெட்டி ஒட்டுற வேல எதுவுமே வேண்டாம்.

ஸ்டெப் 5: எங்க நிறுத்தணும்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க

ஃபியூஸ் போச்சா, அதே ஆம்பியர்ல புதுசு போடுங்க. 10 ஆம்ப் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். திரும்பவும் போச்சுன்னா எங்கயோ ஷார்ட் இருக்கு, அப்ப ஆட்டோ எலக்ட்ரீஷியன்தான். நிக்க மாட்டேங்குதேன்னு பெரிய ஃபியூஸப் போட்டா, இல்ல செப்புக் கம்பியச் சுத்தி வச்சா, வயர் தீப்புடிக்கும். கூலண்டும் (எஞ்சின் சூட்ட ஆத்துற தண்ணி) இப்படித்தான், எஞ்சின் நல்லா ஆறுனப்புறம் டேங்க்ல மேக்ஸ் கோடு வரைக்கும் ஊத்தலாம் (சூட்டுல மூடியத் தொறந்தா கொதிக்கிற தண்ணி மூஞ்சில அடிக்கும்), ஆனா அடுத்த வாரமே மறுபடி கொறஞ்சா எங்கயோ லீக், ஷெட்டுக்குக் கொண்டு போங்க.

செஞ்சு பாக்க ஒரு வேல: பேட்டரி டெர்மினல்

மொதல் தடவைன்னா இதுல ஆரம்பிங்க. எஞ்சின ஆஃப் பண்ணி சாவிய எடுத்துருங்க, மோதிரம் காப்பு எல்லாம் கழட்டி வைங்க, பக்கத்துல பீடி சிகரெட் கூடாது, பேட்டரில இருந்து வர்ற கேஸ் பத்திக்கும். மியூசிக் சிஸ்டத்துக்கு கோட் நம்பர் உண்டான்னு பாத்துக்கங்க, சிலது கரண்ட் போனா கோட் கேக்கும். பெரும்பாலான சின்ன வண்டிக்கு 10 நம்பர் ஸ்பேனர் போதும். மொதல்ல நெகட்டிவ், அப்புறம்தான் பாசிட்டிவ், ஏன்னா நெகட்டிவ் வண்டி பாடியோட சேந்திருக்கு, அது மாட்டியிருக்கும்போது பாசிட்டிவக் கழட்டுற ஸ்பேனர் பாடில பட்டா பயங்கரமா ஸ்பார்க் அடிக்கும். சுடுதண்ணில ஆப்ப சோடாவக் கரைச்சு பழைய டூத் பிரஷ்ஷால தேயுங்க, பொங்கி வரும், அந்தத் தண்ணி கண்ணுலயோ பேட்டரிக்கு உள்ளயோ போகக் கூடாது. நல்லாத் தொடச்சு காய வச்சு, பாசிட்டிவ மொதல்லயும் நெகட்டிவக் கடைசியாவும் மாட்டி இறுக்குங்க, மேல கொஞ்சம் வாசலின் தடவுங்க.

மல்டிமீட்டர் (வோல்ட் அளக்குற மீட்டர்) இருந்தா அதையும் வச்சுப் பாருங்க. வண்டி ராத்திரி பூரா நின்ன பிறகு 12.6 வோல்ட் காட்டுனா ஃபுல் சார்ஜ், 12.2ன்னா பாதிதான் இருக்கு. எஞ்சின் ஓடும்போது 13.5ல இருந்து 14.5க்குள்ள வரணும், 13 கூட வரலன்னா பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரிய சார்ஜ் பண்றது) பக்கம் பிரச்சனை, அது நம்ம வேல இல்ல.

ஷெட்டுக்குப் போறதுன்னா

ஸ்டெப் 1ல எழுதுனத அப்படியே படிச்சுக் காட்டுங்க, "பிரேக் பேட் மாத்திருங்க"ன்னு நீங்களே தீர்ப்பு சொல்லாதீங்க. பார்ட் எவ்ளோ லேபர் எவ்ளோன்னு தனித்தனியா கேளுங்க, பழைய பார்ட்ட கைல குடுக்கச் சொல்லுங்க, நல்ல மெக்கானிக் யாரும் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டாங்க. எனக்கு அன்னைக்கு பேட் தேஞ்சு தகடு மட்டும் மிச்சம் இருந்தத அந்தப் பழைய பேட்ல பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். பேட் மாத்துன வண்டிய எடுக்கும்போது பெடல் மொதல்ல தரைக்கே போற மாதிரி இருக்கலாம், நின்ன எடத்துலயே நாலஞ்சு தடவ அமுக்கி கெட்டியாகுதான்னு பாருங்க, கெட்டியாகலன்னா அங்கேயே திரும்பக் காட்டுங்க, ஆச்சுன்னா ஷெட் வாசல்லயே மெதுவா உருட்டி ஒரு பிரேக் போட்டுப் பாத்துட்டு மெயின் ரோட்டுல ஏறுங்க.