மினரல் பாயிண்ட் கல் வீட்டுக்கு வயசு சொல்றப்போ சொதப்புற இடங்கள்

மினரல் பாயிண்ட்ங்கிறது அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல இருக்கிற பழைய ஈயச் சுரங்க ஊர். முதல்ல ஒண்ணு, ஐயோவா கவுண்டினு (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) தேடினா ரெண்டு வரும், ஐயோவா மாநிலத்துலயும் ஒண்ணு இருக்கு, விஸ்கான்சின்லயும் ஒண்ணு இருக்கு. நான் சொல்றது விஸ்கான்சின்ல உள்ளது, மினரல் பாயிண்ட் ஊர் இருக்கிற கவுண்டி. இதைப் பாக்காம வேற கவுண்டி ரெக்கார்டைப் புரட்டிட்டு பேரே காணோமேனு முழிக்காதீங்க.

பெரிய தப்பு எதுன்னா பட்டா தேதியை வச்சு வீட்டு வயசு சொல்றதுதான். நிலத்தை வாங்கிட்டுத்தானே வீடு கட்டுவாங்கனு தோணும், ஆனா 1820-கள் கடைசியில ஈயம் தோண்ட ஆளுங்க வந்து குவிஞ்சப்போ ஈயம் இருக்கிற நிலத்தை அரசாங்கம் விக்கவே இல்ல, தன் கையிலயே வச்சிருந்துச்சு, 1846-ல சட்டம் போட்ட பிறகுதான் வித்தாங்க. அப்போ பட்டாவை விட வீடு பழசா இருக்கலாம். தலைகீழாவும் நடக்கும், நிலத்தை வாங்கி சும்மா போட்டுட்டு பத்து வருஷம் கழிச்சு கட்டியிருப்பாங்க. இதுல சிலர் "ஹோம்ஸ்டெட் சட்டத்துல இலவசமா கிடைச்ச நிலம்"னு வேற எழுதிடுறாங்க, அந்தச் சட்டமே 1862-லதான் வந்துச்சு, இங்க அதுக்குள்ள ஊரே உருவாகியாச்சு.

அடுத்தது எல்லைக்கோடு. 1829-ல இந்தக் கவுண்டி உருவானப்போ அது மிச்சிகன் டெரிட்டரி (இன்னும் மாநிலம் ஆகாத பகுதி), 1836-லதான் விஸ்கான்சின் டெரிட்டரி. கிராண்ட் கவுண்டி 1836-லயும் லஃபயெட் கவுண்டி 1846-லயும் இதுலேர்ந்துதான் பிரிஞ்சுது, அதனால லஃபயெட்ல இருக்கிற வீட்டுக்குப் பழைய பத்திரம் தேடினா ஐயோவா கவுண்டி பக்கமும் போய்ப் பாக்கணும்.

வீட்டுப் பேரை நம்பி அது குடும்பப் பேருனு எழுதுறதும் நடக்குது. ஷேக் ராக் தெருவுல பெண்டார்விஸ், ட்ரெலானி, பொல்பெரோனு அழகழகா பேர் இருக்கும், ஆனா இதெல்லாம் 1935-லேர்ந்து ராபர்ட் நீல், எட்கர் ஹெல்லம்னு ரெண்டு பேர் இடிஞ்சுகிட்டு இருந்த வீடுகளை வாங்கி சரிபண்ணப்போ அவங்க வச்ச கார்ன்வால் (இங்கிலாந்தோட தென்மேற்கு ஓரத்துல உள்ள பகுதி) பேருங்க. அவங்க இல்லன்னா அந்த வீடுங்களும் இருந்திருக்காது, அது வேற விஷயம்.

கார்ன்வால்காரங்கதான் முதல் ஆளுங்கனு ஆரம்பிக்கிறதும் தப்பு. அவங்க வந்தது 1830-கள்ல. அதுக்கு முன்னாடியே வந்த தோண்டுறவங்க மலைச்சரிவுல பொந்து வெட்டி பேட்ஜர்ங்கிற வளை தோண்டுற விலங்கு மாதிரி குடியிருந்தாங்க, விஸ்கான்சினுக்கு பேட்ஜர் மாநிலம்னு பேர் வந்ததே அப்படித்தான். அவங்களுக்கும் முன்னாடி ஹோ-சங்க்ங்கிற பூர்வகுடி மக்கள் இங்க ஈயம் எடுத்துக்கிட்டு இருந்தாங்க, 1829 ஒப்பந்தத்துலதான் அந்த நிலம் கைமாறுச்சு. ஆளில்லாத காட்டுல வந்து குடியேறினாங்கனு யாராவது எழுதினா அங்கயே நிறுத்திடலாம்.

சென்சஸ்ல 1850-லேர்ந்துதான் வீட்டுல உள்ள எல்லாரோட பேரும் வரும். கார்ன்வால்காரங்களுக்குப் பிறந்த இடம் இங்கிலாந்துனுதான் பெரும்பாலும் போட்டிருக்கும், அதைப் பாத்து ஏமாறாதீங்க. 1890 சென்சஸ் பெரும்பாலும் தீயில போயிடுச்சு, தேடி நேரத்தை வீணாக்க வேணாம்.

வீட்டுக்கே போனீங்கன்னா ஆணியைப் பாருங்க. தலை சதுரமா, உடம்பு பட்டையா இருந்தா பழசு, உருண்டைக் கம்பி ஆணி பரவலா வந்தது 1890-கள் வாக்குலதான், ஆனா ஒரே ஒரு ஆணியை வச்சு முடிவு கட்டாதீங்க, ரிப்பேர் பண்ணவன் அடிச்சதா இருக்கும். வெளியில பலகை அடிச்சிருந்தா உள்ள மரக்கட்டைச் சுவர் ஒளிஞ்சிருக்கான்னும் பாக்கணும். அப்புறம் முன்பக்கச் சுவர்ல கல்லெல்லாம் செதுக்கி வரிசையா இருக்கும், பக்கச் சுவர்ல கரடுமுரடா கிடைச்ச கல்லை அடுக்கியிருப்பாங்க, இதைப் பாத்து பக்கச் சுவர் வேற காலத்துல கட்டினதுனு சொல்லிடாதீங்க, பல வீட்டுல ரெண்டும் ஒரே சமயத்துல எழுப்புனதுதான், தெருவுல போறவன் கண்ணுல படுற பக்கத்துக்கு மட்டும் மெனக்கெட்டிருக்காங்க.